வயதானவர்களின் மறதிக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. உங்கள் வீட்டிலும் யாருக்கோ மறதி ஆரம்பித்திருக்கும், "வயசானா அப்படித்தான்" என்று சொந்தபந்தம் சொல்லியிருக்கும். எங்களிடமும் அதையேதான் சொன்னார்கள். நம்பி ஒன்றரை வருடத்தை விட்டுவிட்டோம்.

அப்பாவுக்கு அப்போது 71. கோபி பக்கம் மஞ்சளும் வாழையும் வைத்திருக்கிறோம். ஒரு நாள் மடையைத் திறந்துவிட்டவர் அடைக்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் பார்த்தால் மஞ்சக்காடு முழுக்கத் தண்ணீர். அப்புறம் ஈரோட்டு மண்டியில், எத்தனை மூட்டை கொண்டு வந்தோம் என்று என்னிடமே மூன்று தடவை கேட்டார்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த பிரஷர் மாத்திரை அட்டைகள் கிடைத்தன. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. "தலை சுத்தலே இல்லியே கண்ணு, எதுக்கு மாத்திரை?" என்றார்.

கோயம்புத்தூரில் டாக்டர் அவர் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் பேசவே இல்லை. பிறகு என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வேகமாக இரண்டு துடிப்பு, ஒரு இடைவெளி, திடீரென்று மூன்று. ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று வந்தது. இதயத்தின் மேல் அறை சரியாகச் சுருங்காமல் துடிதுடித்தால் ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகும்; அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. ஸ்கேனில், எங்களுக்குத் தெரியாமலே வந்துபோன சின்னச் சின்னப் பக்கவாதத்தின் தழும்புகள் இருந்தன. பிரஷரும் தன் பங்குக்கு மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுத்திருந்தது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளைக்கு ஆக்சிஜனில் 20 சதவீதம் வேண்டும். அனுப்புவது இதயம்தானே?

நான் டாக்டர் இல்லை. எல்லா மறதிக்கும் இதயம்தான் காரணம் என்றும் சொல்லவில்லை. அல்சைமர் உண்டு, தைராய்டு, பி12 குறைவும் உண்டு. ஆனால் 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் டிமென்ஷியா என்னும் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் எந்த டாக்டர் என்று குழம்பாமல், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே முதலில் பிரஷரும் நாடியும் பாருங்கள். மாத்திரை அட்டையையும் எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா தடுமாறுகிறார் என்று தெரிந்ததும் ஒரு பங்காளி வீட்டுக்கே வந்து, "அண்ணனுக்கு நெனவு இருக்கறப்பவே கிணத்துப் பங்கை எழுதி வாங்கிக்கலாமுங்க" என்று அம்மாவிடம் கேட்டார். நாற்பது வருடம் ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர். அது இன்னும் ஆறவில்லை.

இப்போது ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அம்மா கையால் கொடுக்கிறார். மறதி அதற்குமேல் கூடவில்லை. போனதெல்லாம் திரும்பி வரவும் இல்லை. மடை அடைக்க நான் போகிறேன்.