மகளுக்கு ஃபீல்டிங் மாஸ்க் வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். 11 வயது மகள் 12 வயதுக்குட்பட்டோர் சாஃப்ட்பால் அணியில் பிட்ச்சிங் (பந்து வீசுவது) செய்கிறாள். மற்ற நேரம் தேர்ட் பேஸில் (மைதானத்தின் மூன்றாவது முனையில்) பந்து தடுக்க நிற்கிறாள். கண்ணாடி போடுபவள். போன மாதம் அணியில் இன்னொரு பெண்ணுக்குப் பந்து மூக்கில் பட்டு ரத்தம் கொட்டியது. பேட்டிங் ஹெல்மெட்டில் கம்பி வலை உண்டு, ஃபீல்டிங்கில் முகத்துக்குக் கம்பி மாஸ்க் கட்டாயமில்லை என்கிறார் கோச். பார்வையை மறைக்கும் என்கிறார் கணவர். வாங்கலாமா? அடிபட்டால் மைதானத்திலேயே என்ன செய்வது?

மருத்துவர் பதில்: வாங்குங்கள். பிட்ச்சிங்கும் தேர்ட் பேஸும் என்றால் யோசிக்கவே வேண்டாம். இந்த வயதுப் பிரிவில் பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே 40 அடி. பந்தை வீசி முடிக்கும்போது அவள் நாலைந்து அடி முன்னால் வந்திருப்பாள். மிச்சம் 35 அடி. மணிக்கு 60 மைல் வேகத்தில் திரும்பி வரும் பந்து அந்தத் தூரத்தை 0.4 விநாடியில் கடந்துவிடும். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை அசையத் தொடங்கவே 0.2 விநாடி போய்விடும். கிளவ்வை முகத்துக்குக் கொண்டுவர மிஞ்சுவது கண் இமைக்கும் நேரம்தான். பன்ட் (மட்டையால் மெல்லத் தட்டிவிடும் அடி) வருமென்று முன்னால் ஏறி நிற்கும் தேர்ட் பேஸ் பெண்ணுக்கும் இதே கதி. பந்து பெயரில்தான் சாஃப்ட்; 12 அங்குலச் சுற்றளவு, 180 முதல் 200 கிராம் வரை எடை. கண் குழியைவிடப் பந்து பெரிதாயிற்றே, கண்ணுக்கு ஆபத்தில்லை என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அது தவறு. குழியின் விளிம்பில் மோதினாலே போதும், அடியில் இருக்கும் மெல்லிய எலும்பு விரிசல் விட்டுவிடும்.

ஆனால் இந்த மாஸ்க் காப்பது முகத்தை மட்டும்: மூக்கு, கன்ன எலும்பு, பல், கண். மண்டையின் பக்கமும் பின்னும் திறந்தே இருக்கின்றன. மாஸ்க் போட்டிருந்தாள், அதனால் மூளை அதிர்ச்சி இருக்காது என்று ஒருபோதும் முடிவு கட்டாதீர்கள்.

கடைக்கு அவளையும், அவள் ஆடும் பந்தையும் கொண்டு போங்கள். தலைமுடியை விளையாடும்போது கட்டுவது போலவே கட்டச் சொல்லுங்கள். குதிரைவால் இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பின்பட்டையின் இறுக்கம் மாறும். முதலில் தாடை, மாஸ்க்கின் அடியிலுள்ள கிண்ணத்தில் சரியாக உட்கார வேண்டும், பிறகு நெற்றிப் பஞ்சு, கடைசியில் பட்டை. பெரியவர் அளவை "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று வாங்கினால் தாடை கிண்ணத்தில் நிற்காது. கண்ணுக்கு நேராக இருக்க வேண்டிய இடைவெளி கீழே இறங்கி, குறுக்குக் கம்பி கண்முன் வந்து நிற்கும். உங்கள் கணவர் சொல்லும் மறைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. தலையை நாலு முறை உதறச் சொல்லுங்கள், நகரக்கூடாது. பந்தை ஒவ்வொரு இடைவெளியிலும் கையால் அழுத்திப் பாருங்கள். மூக்கையோ கண்ணாடியையோ தொட்டால் அந்த மாஸ்க் வேண்டாம். தலை குனியாமல் தன் ஷூ நுனி தெரிகிறதா என்றும் கேளுங்கள், தரையோடு வரும் பந்துக்கு அது முக்கியம். முதல் இரண்டு வாரம் பயிற்சியில் மட்டும் போடட்டும், பழகிவிடும்.

உள்ளே சாதாரணக் கண்ணாடி வேண்டாம். பவர் உள்ள பாலிகார்பனேட் ஸ்போர்ட்ஸ் கண்ணாடி செய்துகொள்ளுங்கள். கம்பி வளைந்தாலோ, பற்றவைத்த இடத்தில் விரிசல் தெரிந்தாலோ மாஸ்க்கைத் தூக்கிப் போடுங்கள். இடுக்கியால் நிமிர்த்திய கம்பி அடுத்த அடியில் அதே இடத்தில் ஒடியும். பேட்டிங் ஹெல்மெட்டுக்கு ‘நாக்ஸி’ (NOCSAE, அமெரிக்க விளையாட்டுக் கருவிகளின் பாதுகாப்புத் தரம்) முத்திரை பார்த்து வாங்குங்கள். அதில் வேறு கம்பெனியின் வலையைத் திருகி மாட்டக்கூடாது.

இனி அடிபட்டால். மூக்கில் ரத்தம் வந்தால் நம் வீடுகளில் உடனே தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்வார்கள். ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும், அவ்வளவுதான் பலன். உட்கார வைத்து, முன்னால் குனியச் சொல்லி, மூக்கின் மெத்தென்ற பாகத்தை 10 நிமிடம் விடாமல் பிடியுங்கள். நடுவில் விட்டு விட்டுப் பார்க்காதீர்கள். ரத்தம் நின்றதோடு கதை முடியவில்லை. மூக்கின் நடுச்சுவரில் ரத்தம் கட்டிக்கொண்டால் இரண்டு துவாரமும் அடைத்து, வலி குறையாமல் ஏறும். மறுநாளும் மூன்றாம் நாளும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நடுச்சுவர் சிவந்தோ நீலம் பாரித்தோ உப்பியிருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சில நாள் விட்டாலும் குருத்தெலும்பு அழுகி, மூக்குத் தண்டு பள்ளமாகிவிடும்.

கண்ணருகே அடி என்றால் அழுத்தாதீர்கள், தேய்க்காதீர்கள். காகிதக் கப்பைக் கவிழ்த்து, விளிம்பு எலும்பில் படும்படி டேப் ஒட்டி, சாய்ந்து உட்கார வைத்து அழைத்துப் போங்கள். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். குழந்தைகளிடம் எளிதில் தவறவிடப்படும் காயம் ஒன்று உண்டு. கண் வெள்ளையாக, வீக்கமே இல்லாமல் இருக்கும். ஆனால் குமட்டலும் வாந்தியும் வரும். தலையில் பட்ட அடி என்றே நினைப்பார்கள். தலையை அசைக்காமல் உங்கள் விரலை மேலே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண் ஏறாமல் நின்றாலோ, இரண்டு விரலாகத் தெரிந்தாலோ, உடைந்த எலும்பில் கண்ணின் தசை சிக்கியிருக்கலாம். அவசர சிகிச்சைதான்.

விழுந்த பல் இந்த வயதில் பெரும்பாலும் நிலைப்பல். வெண்மையான பக்கத்தைப் பிடித்து எடுத்து, பாலிலோ சலைனிலோ ஒரு முறை அலசி, தேய்க்காமல் குழிக்குள்ளேயே வைத்து துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு, அரை மணிக்குள் பல் மருத்துவரிடம். டக்அவுட்டில் (அணியினர் உட்காரும் இடம்) உள்ள கூலரில் கேட்டோரேடுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பால் பாட்டில் இருக்கட்டும். முதலுதவிப் பையில் நான்கு ஐஸ் பேக், பத்து காஸ் துணித் துண்டு, நாலு ஜோடி கையுறை, டேப், கத்தரி, டார்ச், காகிதக் கப் போதும்.

தலையில் பட்டு மந்தமாக இருந்தால், "சரியாயிட்டேன்" என்று அவளே சொன்னாலும் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. மருத்துவர் அனுமதித்த பிறகு படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், மூக்கில் தெளிந்த நீர் இவற்றில் எது வந்தாலும் 911.

அரிதாக, நெஞ்சில் பந்து பட்ட குழந்தை சுருண்டு விழும். மூச்சு திணறி விழுந்தாள் என்று காத்திருக்கக்கூடாது. அசைவும் சரியான மூச்சும் இல்லையென்றால் நடு நெஞ்சில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், இன்னொருவர் ஏ.இ.டி. (மின்னதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) எடுக்க ஓட வேண்டும். ஆகவே சீசன் தொடங்குமுன் கோச்சிடம் இதைக் கேளுங்கள்: ஏ.இ.டி. எங்கே இருக்கிறது? பூட்டிய ஸ்நாக் பார் அறையில் என்றால் ஆட்ட நாளில் சாவி யாரிடம்? பார்க்கில் நாலு மைதானம் இருந்தால் ஆம்புலன்ஸ் எந்த கேட் வழியாக வர வேண்டும்? அந்த கேட்டின் முகவரியை எழுதி டக்அவுட்டில் ஒட்டி வையுங்கள்.