மயாமியிலிருந்து கரீபியன் கப்பல் பயணம், புயல் வருகிறது. ரத்து செய்யலாமா?

நீங்களாக ரத்து செய்யாதீர்கள். கப்பல் நிறுவனமே ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும். நீங்கள் முந்திக்கொண்டால் அபராதம்தான் மிஞ்சும்.

பெரும்பாலும் கப்பல் கிளம்பிவிடும், பாதைதான் மாறும். சொகுசுக் கப்பலின் வேகம் சுமார் 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்); புயல் பொதுவாக 10 முதல் 15 நாட்தான் நகரும். அதனால் கப்பல் விலகிப் போய்விடும். கிழக்குக் கரீபியன் என்று பதிந்தவர் மெக்சிகோவின் கொசுமெலில் இறங்க நேரலாம். பயண ஒப்பந்தம் இதை அனுமதிக்கிறது, நஷ்டஈடு கேட்க முடியாது. விட்டுப்போன துறைமுகத்தின் வரியும், கப்பலிலேயே பதிந்த சுற்றுலாக் கட்டணமும் மட்டும் வழக்கமாகத் திரும்பும். வெளியில் பதிந்ததற்கு அவரவர் பாடு.

உண்மையான சிக்கல் துறைமுகம். கடுங்காற்று 12 மணி நேரத்தில் வரும் என்றால் அமெரிக்கக் கடலோரக் காவல்படை 'சூலு' நிலையை அறிவித்துத் துறைமுகத்தை மூடிவிடும். திரும்பும் கப்பல் ஓரிரு நாள் கடலிலேயே காத்திருக்கும். எனவே மருந்து மூன்று நாளைக்குக் கூடுதலாக வேண்டும், அதுவும் கைப்பையில். மாற்றக்கூடிய விமான டிக்கெட் எடுங்கள்.

காப்பீடு? புயலுக்குப் பெயர் வைத்தபின் வாங்கினால் அந்தப் புயலுக்குச் செல்லாது. முன்பணம் கட்டும்போதே வாங்கியிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் தேசியப் புயல் மையம் ஆறு மணி நேரத்துக்கொருமுறை அறிக்கை தரும். வாட்ஸ்அப் வரைபடங்களை விட்டு அதைப் பாருங்கள்.