சென்னையிலிருந்து விழுப்புரம் வரை ஏன் லோக்கல் மின்சார ரயில் விட மாட்டேன் என்கிறார்கள்?

கம்பி இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, அப்புறம் செங்கல்பட்டோடு ஏன் லோக்கலை நிறுத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கல் கம்பியில் இல்லை, தண்டவாளத்தில்.

தாம்பரம் - செங்கல்பட்டு இடையே மூன்றாவது பாதை உண்டு. செங்கல்பட்டைத் தாண்டினால் விழுப்புரம் வரை நூறு கிலோமீட்டருக்கு இரண்டே பாதைதான், அதில்தான் வைகை, பாண்டியன், நெல்லை, திருநெல்வேலி வந்தே பாரத், சரக்கு வண்டி எல்லாம் போயாக வேண்டும். ஊருக்கு ஊர் நிற்கும் லோக்கல் ஒன்றை இதற்கு நடுவே விட்டால் பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் சீக்கிரமே அதன் முதுகில் வந்து நிற்கும். உடனே லோக்கலை மதுராந்தகத்திலோ திண்டிவனத்திலோ லூப் லைனில், அதாவது நிலையத்தில் உள்ள பக்கப் பாதையில் ஒதுக்கி, சிவப்பு சிக்னலைப் பார்த்தபடி உட்கார வைக்க வேண்டும். அவசரமாக ஆபீஸ் போகிறவர் இதற்குப் பேருந்தே தேவலை என்பார்.

பெட்டியும் ஒரு பிரச்சினை. லோக்கலில் கழிப்பறை கிடையாது, சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து விழுப்புரம் 160 கிலோமீட்டருக்கு மேல், யோசித்துப் பாருங்கள்! அதனால்தான் இந்தத் தடத்துக்குக் கழிப்பறை உள்ள மெமு, அதாவது லோக்கலை விட நீண்ட தூரம் போகும் மின்சார ரயில். என்னைக் கேட்டால் மெமுவைக் கூட்டச் சொல்வதுதான் நியாயமான கோரிக்கை, ஆனால் அதற்கும் முதலில் செங்கல்பட்டுக்கு அப்பால் மூன்றாவது பாதை வேண்டும்.