கிற்றாருக்குப் பக்கத்தில் வயலின்

கேள்வி: எங்கள் ரொக் பாட்டுக்கு 3 கட்டை சுருதி. கர்நாடக முறையில் வயலின் சேர்த்தால் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) அபஸ்வரமாகிறது. மிக்ஸரில் கொடுத்தால் மெலிந்து கீச்சிடுகிறது. ஏன்?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: கமகத்தில் பிழையில்லை, கிற்றார் கோர்ட்டில்தான் (chord, சேர்த்துப் பிடிக்கும் ஸ்வரங்கள்). 3 கட்டை என்றால் ஆதார ஸ்வரமான ச, ஈ (E). ஈ மேஜர் கோர்ட்டில் ஜீ ஷார்ப் (G#), அதாவது அந்தர காந்தாரம், அசையாமல் நிற்கும். வயலின் காந்தாரத்தை அசைத்ததும் இரண்டும் முட்டும். கிற்றாரில் ஈயும் (E) பீயும் (B) மட்டும், வெறும் ச-ப, பிடிக்கச் சொல்லுங்கள். டிஸ்டோர்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டாலும் கலங்காது. மூன்றாம் ஸ்வரத்தை வயலினுக்கே விட்டுவிடுங்கள். கிற்றார்காரர் கொஞ்சம் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

கீச்சு பியசோ பிக்கப்பால் (வயலினின் அதிர்வை மின் சிக்னலாக்கும் கருவி) வருவது. நேரே மிக்ஸரில் செருகினால் கீழ்ஸ்தாயி தொலைந்துவிடும். 1 மெகா ஓம் உள்ளீட்டு மின்தடையுள்ள ப்ரீஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கும் சிறு கருவி) ஒன்றை இடையில் வையுங்கள்.