வண்டி வேடிக்கையை விட்டுவிட்டு மேட்ச் பார்த்த கதை: ரெஸ்லிங் கேள்வி பதில்

சேலம் அஸ்தம்பட்டியில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில், மாதம் ஒரு ஞாயிறு, டபிள்யூ.டபிள்யூ.இ. மாதிரி டிவி ரெஸ்லிங் பார்க்கிறவர்கள் கூடுகிறோம். போன கூட்டத்தில் தட்டுவடை செட் தீர்வதற்குள் பேச்சு ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டது: ஆசையாகப் பார்க்க ஆரம்பித்தது எப்போது கடன் அடைக்கிற மாதிரி ஆனது? ஆளுக்கொரு சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்தார்கள். 2002-இல் டென் ஸ்போர்ட்ஸ் சேனல் வந்ததிலிருந்து விடாமல் பார்க்கிறவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

சூரமங்கலம், கல்லூரி மாணவர்: அண்ணா, செமஸ்டர் பரீட்சையில் மூன்று வாரம் டபிள்யூ.டபிள்யூ.இ. வார நிகழ்ச்சி ரா பார்க்கவில்லை. அவர்களுடைய இன்னொரு வார நிகழ்ச்சி ஸ்மாக்டவுனும் மூன்று நிற்கிறது. அதை முடிக்காமல் இந்த வார எபிசோடைத் தொட மனசு வரவில்லை. எப்படி முடிப்பது?

முடிக்க வேண்டாம் தம்பி. அந்த ஆறையும் அப்படியே விட்டுவிட்டு இந்த வாரத்துக்கு வந்துவிடுங்கள்.

சீரியலுக்குக் கூட ஒரு நாள் கடைசி எபிசோட் வரும். ஐ.பி.எல். இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். ரா 1993 ஜனவரி 11-இல் தொடங்கியது. சீசன், இடைவேளை என்ற பேச்சே இல்லாமல் இன்றும் ஓடுகிறது. முடிவே இல்லாத ஒன்றை முடிக்கப் பார்த்தால் நமக்குத்தான் மூச்சு வாங்கும். நீங்கள் பார்க்காமல் விட்டிருப்பீர்கள் என்று நினைத்துத்தான் அவர்களே நிகழ்ச்சியை அமைக்கிறார்கள். தொடக்கத்தில் போன வாரச் சுருக்கம் வரும். கமென்ட்ரியில் பகையின் காரணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பெரிய மேட்சுக்கு முன்னால் முழுக்கதையையும் மூன்று நான்கு நிமிட வீடியோவாகப் போடுவார்கள். அப்படியும் ஏதாவது புரியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். அவருக்கும் சொல்வதற்கு ஆசையாக இருக்கும்.

அம்மாப்பேட்டை: நீங்கள் எல்லாவற்றையும் விடாமல் பார்த்த காலம் உண்டா? அப்போது எப்படி இருந்தது?

உண்டு. 2019. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற பதில்கள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

அந்த வருடம் ஜப்பானில் உள்ள நியூ ஜப்பான் என்ற ரெஸ்லிங் கம்பெனியின் ஜி1 கிளைமாக்ஸ் தொடரை ஒரு மேட்ச் விடாமல் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். இரண்டு பிரிவு, பிரிவுக்குப் பத்துப் பேர், ஒருவர் மற்ற ஒன்பது பேரோடும் மோத வேண்டும். பிரிவுக்கு 45, இரண்டுக்கும் சேர்த்து 90, அப்புறம் இறுதிப் போட்டி. ஜூலை 6-இல் அமெரிக்காவின் டல்லாஸில் தொடங்கி ஆகஸ்ட் 12-இல் டோக்கியோவின் புடோகான் அரங்கில் முடிந்தது. ஒவ்வொரு மேட்சுக்கும் நோட்டில் இரண்டு வரி எழுதினேன்.

ஜூலை, ஆகஸ்ட் என்றால் நம் ஊரில் ஆடி. கோட்டை மாரியம்மன் பண்டிகை. சாமி வேஷம் கட்டியவர்களை ஏற்றிக்கொண்டு வண்டி வேடிக்கை போன அன்று, சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து நான் பார்த்த அதே வேடிக்கை, வெளியே மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். மூன்று நாள் மேட்சுகள் பாக்கி இருந்தன. வீட்டில் கூப்பிட்டார்கள், போகவில்லை.

இறுதிப் போட்டியில் கோட்டா இபுஷி, ஜே ஒயிட்டைத் தோற்கடித்தார். இபுஷி ஜெயிக்க வேண்டும் என்று பல வருடம் ஏங்கியவன் நான். முந்தைய வருடம் அதே புடோகான் இறுதிப் போட்டியில் தனஹாஷியிடம் தோற்றபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் ஜெயித்த அந்த நிமிடம் என் மனதில் வந்தது ஒரே ஒரு வார்த்தை: அப்பாடா. சந்தோஷம் வரவில்லை. வேலை முடிந்தது என்ற நிம்மதிதான் வந்தது. அது என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

அப்படியும் நிறுத்தவில்லை. அந்த அக்டோபரில் ஏ.இ.டபிள்யூ. என்ற இன்னொரு அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனியின் வார நிகழ்ச்சி டைனமைட் தொடங்கியது. ரா மூன்று மணி நேரம், ஸ்மாக்டவுன், டபிள்யூ.டபிள்யூ.இ.-யின் மூன்றாவது நிகழ்ச்சி என்.எக்ஸ்.டி., டைனமைட் தலா இரண்டு. விளம்பரத்தோடு வாரம் ஒன்பது மணி நேரம். வருடத்துக்கு 468. மாதாந்திரப் பெரிய நிகழ்ச்சிகள் அதில் சேராது. டிசம்பரில் நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது என் கையெழுத்தில் இருந்த பாதி மேட்சுகள் எனக்கே நினைவில் இல்லை. அன்றோடு நோட்டு எழுதுவதை விட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை: நேரம் மிச்சமாகும் என்று ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துப் பார்க்கிறேன். தப்பா?

மைக் பிடித்துப் பேசுகிற பகுதி என்றால் வையுங்கள், பாதகமில்லை. மேட்சை மட்டும் அப்படிப் பார்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

2002 மார்ச் 17, டொராண்டோ, டபிள்யூ.டபிள்யூ.இ.-யின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் ஹல்க் ஹோகனும் ராக்கும் மோதினார்கள். ஹோகன் வில்லனாக வந்தவர். மணி அடித்த பிறகும் இருவரும் கை வைக்கவில்லை. நேருக்கு நேர் நின்று, மெதுவாகத் தலையைத் திருப்பி இந்தப் பக்கம் கூட்டத்தைப் பார்க்கிறார்கள். அப்புறம் அந்தப் பக்கம். அரங்கமே வில்லனுக்காகக் கத்துகிறது. ராக் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார், முகம் மாறுகிறது. ஒரு அடி விழுவதற்கு முன்பே மேட்சின் கதை திரும்பிவிட்டது. இதை ஒன்றரை மடங்கில் ஓட்டினால் இரண்டு பேர் வெடுக் வெடுக்கென்று கழுத்தைத் திருப்புவதுதான் தெரியும். அடி வாங்கியவர் எழ எடுத்துக்கொள்கிற நேரம், விடலாமா வேண்டாமா என்று நடுவர் தயங்குகிற நேரம், இதெல்லாம்தான் ரெஸ்லிங். நேரமில்லை என்றால் ஐந்து மேட்சில் மூன்றை விடுங்கள். மீதி இரண்டை அதன் வேகத்திலேயே பாருங்கள்.

சிவதாபுரம், கொலுசுப் பட்டறை: வேலை செய்யும்போது போனில் ஓடவிட்டுக் கேட்கிறேன். இது பார்த்த கணக்கில் சேருமா?

தாராளமாகச் சேரும். கமென்ட்ரியும் கூட்டத்தின் சத்தமும் காதில் விழுந்தாலே வாரநிகழ்ச்சியில் முக்கால்வாசி வந்துவிடும். பற்றவைக்கும்போது மட்டும் கண் வேலையில் இருக்கட்டும்.

ஐந்து ரோடு: ஏ.இ.டபிள்யூ. எனக்கு உயிர். நாம் பார்க்காமல் விட்டால் ரேட்டிங் விழுந்து அந்தக் கம்பெனி சிரமப்படுமே என்று பிடிக்காத வாரமும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

ரசிகர்கள் பகிர்கிற அந்த ரேட்டிங் எண்கள் நீல்சன் நிறுவனம் அமெரிக்க வீடுகளில் எடுப்பவை. ஐந்து ரோட்டில் நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதில் ஏறாது. அந்தக் கம்பெனி மேல் உள்ள அன்பை வேறு வழியில் காட்டலாம். நல்ல மேட்ச் ஒன்றைத் தெரியாத நண்பருக்குப் போட்டுக் காட்டுங்கள். கூட்டத்துக்குப் புதிதாக வந்த மூன்று பேர் அப்படி வந்தவர்கள்தான்.

கொண்டலாம்பட்டி: கல்யாணம், குழந்தை என்று நான்கு வருடம் விட்டுப்போச்சு. ரோமன் ரெய்ன்ஸ் கதையை எல்லோரும் புகழ்கிறார்கள். முதலிலிருந்து பார்க்க வேண்டுமா?

ரெய்ன்ஸ் சாம்பியன் பெல்ட்டைப் பிடித்தது 2020 ஆகஸ்ட் 30. இழந்தது 2024 ஏப்ரல் 7. மொத்தம் 1,316 நாள். அத்தனை வாரத்தையும் பார்க்க உட்கார்ந்தால் உங்கள் குழந்தை பள்ளிக்கூடமே போய்விடும்.

2023 ஜனவரி ராயல் ரம்பிள் நிகழ்ச்சியின் கடைசிக் காட்சியில் தொடங்குங்கள். ரெய்ன்ஸ் கோஷ்டியில் இருக்கும் சாமி ஜெய்ன் கையில் நாற்காலி, எதிரே நண்பன் கெவின் ஓவன்ஸ், பின்னால் ரெய்ன்ஸ். சாமி என்ன செய்கிறார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. அடுத்த மாதம் சாமியின் சொந்த ஊரான மான்ட்ரியலில் நடந்த மேட்ச். ஏப்ரலில் ரெஸில்மேனியா முதல் இரவின் கடைசி மேட்ச், இரண்டாம் இரவின் கடைசி மேட்ச். அப்புறம் நேராக 2024 ரெஸில்மேனியா இரண்டாம் இரவு. ஒரு ஞாயிறு மத்தியானத்தில் முடிந்துவிடும்.

குகை: ரெஸ்லிங் விமர்சகர் டேவ் மெல்ட்ஸர் ஐந்து ஸ்டாருக்கு மேல் கொடுத்த மேட்சுகளை லிஸ்ட் போட்டு டிக் அடித்து வருகிறேன். சமீபமாக எதுவும் மனதில் ஒட்டவில்லை.

லிஸ்டில் தப்பில்லை, வேகத்தில்தான் தப்பு. பந்தியில் எல்லாமே இனிப்பாக வைத்தால் மூன்றாவது இனிப்பிலேயே நாக்கு மரத்துவிடும்.

ஒரு மாதத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். நியூ ஜப்பானில் ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் ஒருவரோடொருவர் மோதிய நான்கு மேட்சுகள் மட்டும், வாரம் ஒன்று. 2017 ஜனவரி 4 டோக்கியோ டோம். இதற்கு மெல்ட்ஸர் ஆறு ஸ்டார் கொடுத்தார். அதே ஜூனில் ஒரு மணி நேரம் முழுதும் மோதி டிராவானது. ஆகஸ்டில் ஜி1-இல் ஒமேகா ஜெயித்தது. 2018 ஜூன் 9 ஒசாகாவில், மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும் என்ற விதியோடு, ஒரு மணி நேரத்துக்கும் மேல் நடந்த கடைசி மேட்ச். நான்கும் சேர்ந்து மூன்றேகால் மணி நேரம்தான். முதல் மேட்சில் ஒகாடாவின் ரெயின்மேக்கர் அடியை ஒருமுறை பார்த்து வையுங்கள். நான்காவதில் அதே அடி வரும்போது உங்கள் உடம்பே தயாராகும். வாரக்கணக்கில் காத்திருந்தால்தான் அது நடக்கும். ஒரே ராத்திரியில் நான்கையும் பார்த்தால் நடக்காது.

நெத்திமேடு: வேலைக்குப் போகிற அவசரத்தில் காலை 5.30-க்குப் பார்க்க முடிவதில்லை. அதற்குள் ரிசல்ட் தெரிந்துவிடுகிறது. அப்புறம் எதற்குப் பார்ப்பது?

அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 மணி என்றால் நமக்கு அவர்களுடைய கோடையில் மறுநாள் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதற்கு வருடத்தில் இரண்டு மூன்று நாள் போதும். 2025 ஏப்ரலிலிருந்து இங்கேயும் டபிள்யூ.டபிள்யூ.இ. நெட்ஃபிளிக்ஸில்தான் வருகிறது, சாயங்காலமும் அங்கேயே இருக்கும்.

ரிசல்ட் தெரிந்தால் ருசி போய்விடும் என்பதை நான் நம்பவில்லை. 2014 ரெஸில்மேனியாவில் அண்டர்டேக்கர் பிராக் லெஸ்னரிடம் தோற்றது உலகத்துக்கே தெரியும். 21 வெற்றிக்குப் பிறகு முதல் தோல்வி. ரெஸ்லர் படம் போட்ட டிரம்ப் கார்டு விளையாட்டில் அண்டர்டேக்கர் கார்டு கையில் இருந்தால் அன்றைக்கு ராஜா என்று வளர்ந்தவர்கள் நாம். மூன்று எண்ணி முடித்த பிறகு அந்த அரங்கத்தில் விழுகிற அமைதியை இன்றும் எடுத்துப் பாருங்கள். வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறவர்கள், திரையில் 21-1 என்ற எண்ணையே வெறித்துப் பார்க்கிறவர்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

ஏற்காடு: என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். சின்ன வயதில் நானும் அவனும் சேர்ந்து பார்ப்போம். இப்போது ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் ரெஸ்லிங்தான் பேசுவான். ஜான் சீனா போன பிறகு எனக்கு ஈடுபாடு குறைந்துவிட்டது. அவனோடு பேசுவதற்காகவே உட்கார்ந்து பார்க்கிறேன். மழை பெய்தால் மலையில் கரண்டும் இருப்பதில்லை. இதுவும் கடமைதானே?

கடமைதான் அக்கா. ஆனால் இத்தனை கேள்வியில் விடாதீர்கள் என்று நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான். மற்றவர்கள் திரைக்காக உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்கள் மகனுக்காக.

அதற்காக எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. இந்த வாரம் எதைப் பார்க்கட்டும் என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்கிற ஒரு மேட்சை மட்டும் கரண்ட் இருக்கும்போது பாருங்கள். மற்றதில் மனம் போகவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எனக்கென்னவோ அம்மா பார்க்கிறாரே என்று அவரும் சில வாரம் இழுத்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

சீனாவின் கடைசி மேட்ச் 2025 டிசம்பர் 13-இல் வாஷிங்டனில், குந்தரோடு. ‘ஒருநாளும் விட்டுக்கொடுக்காதே’ என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், கழுத்துப் பிடியில் மாட்டி, முகத்தில் ஒரு சிரிப்போடு கையைத் தட்டித் தோல்வியை ஏற்றுக்கொண்டார். கூட்டம் கொதித்துவிட்டது. நம் மாடியிலும் அன்றைக்கு இரண்டு பேர் பேசாமல் எழுந்து போனார்கள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த ஞாயிறு மகனோடு பேசும்போது அதைக் கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் சொல்லுங்கள்.