பழைய ஜீப்பும் ட்ரையல்ஸும்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம்ங்க. கிருஷ்ணகிரியில பட்டறை வச்சிருக்கேன், பழைய ஜீப்பு தான் தொழிலே. இன்னிக்கு ஞாயித்துக்கெழம, சாயங்காலம் வரைக்கும் ஃப்ரீ. ட்ரையல்ஸ்க்கு வண்டி ரெடி பண்றது, ஓட்டுறது எதுனாலும் கேளுங்க. மொதல்லயே ஒன்னு சொல்லிடறேன், காட்டுக்குள்ள போயி பழகலாமான்னு யாரும் கேக்காதீங்க. காவேரி வடக்கு சரணாலயம் கிருஷ்ணகிரி, தருமபுரின்னு ரெண்டு மாவட்டத்துலயும் பரவி கெடக்கு, யானை நடமாடுற எடம் அது. பழகணும்னா தெரிஞ்சவங்க மாந்தோப்பு, கேட்டு வாங்குன பட்டா நெலம், அவ்ளோதான்.

பாலக்கோடு தம்பி: அண்ணா ட்ரையல்ஸ்னா ரேஸ் மாதிரியா? ஜீப்புக்கு மட்டும் தானா?

ரேஸ் இல்ல தம்பி. மேடு, கல்லு, சேறுன்னு ஒரு வழிய குறிச்சு வச்சிருப்பாங்க, வண்டி நிக்காம அத ஏறி முடிக்கணும், அதான் ஆட்டம். இங்கிலாந்துல கார வச்சு ஆடுறதுல பல எடத்துல 12ல இருந்து 1 வரைக்கும் நம்பர் போட்ட கம்பு நட்டுருப்பாங்க, எந்த நம்பர்ல நின்னியோ அது உன் மார்க்கு, கடைசி வரைக்கும் ஏறிட்டா பூஜ்யம், கம்மி மார்க்கு வாங்குனவன் ஜெயிச்சான். அங்க லேண்ட்ஸ் எண்ட் ட்ரையல்னு ஒன்னு 1908லயே ஆரம்பிச்சது. ஆஸ்டின் 7னு 747 சிசி குட்டி கார், அதுல இன்னிக்கும் ஏறுறாங்க, பக்கத்துல உக்காந்தவர் சீட்டுல குதிச்சு குதிச்சு பின் சக்கரத்துக்கு பிடிப்பு குடுப்பாரு. சக்தி இல்லாத வண்டி எப்படி ஏறுதுன்னு அதப்பாத்தா புரியும். நம்ம ஊர்ல கெடைக்கறது ஜீப்பு, அதனால நாம ஜீப்புல ஆடுறோம்.

ஊத்தங்கரை: 1965 சிஜே3பி ஜீப்பு வாங்கிருக்கேன், 31 இன்ச் டயர் போடலாமா?

போடாதீங்க. ஏன்னு விவரமா சொல்றேன், எல்லாரும் படிங்க. உங்க வண்டியில மொத கியர் 2.8, ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல, அதான் கியர்பாக்ஸுக்கு பின்னாடி இருக்கற ரெண்டாவது கியர் பொட்டியில, லோ போட்டா 2.46, கிரவுன் பினியன் 5.38. மூணையும் பெருக்குனா 37 வருது, அதாவது எஞ்சின் 37 சுத்து சுத்துனா சக்கரம் ஒரு சுத்து. 28 இன்ச் டயர்ல எஞ்சின் ஆயிரம் சுத்துல ஓடுறப்ப வண்டி மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் சொச்சம் போகும், நடக்கறத விட மெதுவா. கல்லு மேல ஏற அந்த வேகம் தான் வேணும். நீங்க 31 போட்டா இழுவையில பத்துல ஒரு பங்கு போச்சு, அதே சுத்துல வண்டி வேகமாவும் போகும், அப்பறம் மெதுவா போக கிளட்ச்ச பாதி மிதிச்சு ஓட்டுவீங்க, பிளேட்டு கருகும், முன்னாடி ஸ்டியரிங் கனக்கும், டயர் மட்கார்டுல இடிக்கும், அதுக்கு ஸ்பிரிங் பட்டைய தூக்குவீங்க, தூக்குனா ப்ரொப்பெல்லர் சாஃப்ட் கோணம் மாறி ஜாயிண்ட்டு கத்தும், அப்படியே ஒன்னு மேல ஒன்னு செலவு தான். 6.00-16 டயர வச்சுக்கிட்டு காத்த மட்டும் எறக்குங்க. டியூப் டயர்னா 15 பிஎஸ்ஐக்கு கீழ வேணாம், ரிம்முக்குள்ள டயர் வழுக்கி சுத்தி வால்வ பிச்சுரும். ரோட்டுக்கு ஏறதுக்கு முன்னாடி மறுபடி அடிச்சுக்கோங்க.

அரூர்: மேடு ஏறுறப்ப பாதியில பெட்ரோல் எஞ்சின் ஆஃப் ஆயிடுது.

கார்புரேட்டர் ஃப்ளோட் லெவல் பாருங்க. மூக்கு தூக்கறப்ப சேம்பர்ல இருக்கற பெட்ரோல் ஒரு பக்கம் சாஞ்சுரும், ஜெட்டுக்கு போகாது, இல்லனா வழிஞ்சு உள்ள ஊத்தும். பெட்ரோல் பைப்பு சூடான மேனிஃபோல்டு ஒட்டி போச்சுன்னா பெட்ரோல் ஆவியாயிரும், தள்ளி வைங்க.

அத விட முக்கியம், ஆஃப் ஆனா என்ன பண்ணுவீங்க? நியூட்ரல் போட்டு பின்னாடி உருள விடாதீங்க, வண்டிய திருப்பவும் பாக்காதீங்க, குறுக்க வந்தா கவுந்துரும். பிரேக்க அழுத்தி மிதிங்க, லோல ரிவர்ஸ் போடுங்க, கிளட்ச்ச விட்டுருங்க, இப்ப பிரேக்க மெல்ல விட்டுக்கிட்டே ஸ்டார்ட்டர அடிங்க. எஞ்சின் கியர்லயே புடிச்சுக்கிட்டு நேரா எறங்கி வந்துரும். சமதரையில நாலு தடவ பழகிட்டு போங்க.

பென்னாகரம்: 33 இன்ச் டயர் போட்டா...

மேல ஊத்தங்கரைக்கு சொன்னத படிங்க.

தேன்கனிக்கோட்டை: 1968 ஜீப்புல மஹிந்திரா 540 ஜீப்போட டீசல் எஞ்சின் ஏத்திருக்கேன். 50 வருசம் தாண்டிருச்சுல்ல, வின்டேஜ் நம்பர் வாங்கிட்டு போட்டிக்கு ஓட்டலாமா?

வாங்க முடியாதுங்க. 2021ல வந்த விதிப்படி 50 வருசம் தாண்டுன வண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் எதுலயும் பெருசா கைவைக்காம ஒரிஜினலா இருக்கணும். புதுசா பதிய 20,000 ரூவா, பத்து வருசத்துக்கு செல்லும், நம்பர்ல விஏன்னு வரும். கண்காட்சி, வின்டேஜ் ராலி, ரிப்பேர், பெட்ரோல் போட போறது வர்றது, அதுக்கு தான் ரோட்டுல எடுக்கலாம்.

ஓசூர்: சார் இது அநியாயம். ஓட்டாம பொம்மையா வைக்கவா வண்டி? எஞ்சின் கெட்டா மாத்தாம என்ன பண்றது?

நியாயமான கேள்வி. ஆனா சிஜே3பியோட போனட் ஏன் அவ்ளோ ஒசரம்னு யோசிச்சிருக்கீங்களா? அதுல வர்ற ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின்ல இன்டேக் வால்வ சிலிண்டருக்கு மேல தூக்குனாங்க, எஞ்சின் ஒசந்தது, அதுக்காக போனட்டும் ஒசந்தது. அந்த எஞ்சின கழட்டி எறிஞ்சா அந்த மூஞ்சிக்கே அர்த்தம் இல்லாம போயிரும்.

தேன்கனிக்கோட்டை: சாமான் கெடைக்காம ஆறு மாசம் நின்னுச்சு சார், வேற வழியில்லாம தான் மாத்துனேன். மலையில எனக்கு டீசல் தான் சோறு போடுது.

அண்ணே, பொழப்புக்கு மாத்துனத நான் தப்புன்னே சொல்லல. ஆர்சியில எஞ்சின் மாத்துனது ஏறியிருக்கான்னு மட்டும் பாருங்க, ஏறலனா இன்சூரன்ஸ் கேக்கறப்ப கையவிரிப்பாங்க. பழைய எஞ்சின எடைக்கு போட்டுறாதீங்க, கிரீஸ் தடவி மூலையில வைங்க. நான் கெஞ்சுறது இனிமே மாத்த போறவங்கள தான். வெல்டு வைக்காதீங்க, சேசிஸ அறுக்காதீங்க. ரோல் கேஜ், பெல்ட்டு, இழுக்குற கொக்கி எல்லாம் போல்ட்டுல மாட்டுங்க, நாளைக்கு உங்க புள்ள கழட்டி பழையபடி ஆக்கணும்.

ஓசூர்: அப்ப பின் டிஃபரென்ஷியல வெல்டு அடிக்கறதும் வேணாமா? எல்லாரும் அடிக்கறாங்க.

வேணாம். திருப்பத்துல ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடறது தான் டிஃபரென்ஷியல், அத வெல்டு அடிச்சா தார் ரோட்டுல திருப்பத்துல டயர் தேயும், சாஃப்ட் முறியும். ஒரு சக்கரம் சும்மா சுத்துதா, ஆக்சிலேட்டர விடாம எடது காலால பிரேக்க லேசா தொடுங்க, சுத்துற சக்கரம் அடங்கி மத்த சக்கரத்துக்கு இழுவை போகும். ஹேண்ட்பிரேக்க இதுக்கு நம்பாதீங்க, அது ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடி சாஃப்ட்ட புடிக்கற பிரேக்கு, சக்கரத்த தனித்தனியா புடிக்காது.

மத்தூர்: டயர் சைஸ்...

ஊத்தங்கரை பதில்.

காவேரிப்பட்டணம் பொண்ணு: அண்ணா நான் புதுசு, அப்பாவோட வில்லிஸ் ஜீப்பு. ஸ்டியரிங் கைய ஒதறுது, பயமா இருக்கு.

நல்ல கேள்வி கேட்டம்மா. கட்டை விரல வளையத்துக்கு உள்ள விடாத, வெளியில மேலாப்ல வச்சுக்கோ. முன் சக்கரம் கல்லுல மோதுனா ஸ்டியரிங் சடார்னு திரும்பும், உள்ள இருக்கற கம்பி விரல்ல அடிக்கும். மாந்தோப்புல ஒரு பாறை இடுக்குல எனக்கு அப்படி தான் எடது கட்டை விரல் ஒடிஞ்சது, இன்னிக்கும் ஸ்பேனர் முழுசா மடக்கி புடிக்க முடியல. கிங் பின் பேரிங், டை ராடு முனை ரெண்டும் ஆடுதான்னு அப்பாவ ஆட்டி பாக்க சொல்லு. விரல் வெளிய, மறந்துராத.

சேலம்: போட்டி முடிஞ்சு தருமபுரியில இருந்து அப்படியே ஓட்டிட்டு வரலாமா?

வரலாம், ஆனா தொப்பூர் எறக்கம் இருக்கு. தண்ணி சேத்துல எறங்குன வண்டின்னா ட்ரம்முக்குள்ள ஈரம் இருக்கும், மொத மிதிக்கு புடிக்காது. கெளம்புன எடத்துலயே மெதுவா ஓட்டிக்கிட்டு பிரேக்க லேசா மிதிச்சு மிதிச்சு காய வைங்க. காத்த அடிச்சாச்சான்னு பாருங்க. எறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டாவது கியருக்கு வந்துருங்க, பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சா அடிக்கட்டும்.