இன்னொருவர் கை

அன்புள்ள ஐயா,

உயிர்காப்புக் கருவியை எடுத்துவிடச் சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு என்று எழுதியிருந்தீர்கள். சரி. அதே நோயாளி, ‘மருந்து கொடுத்து என்னை அனுப்பி வையுங்கள்’ என்று கேட்டால் பெரும்பாலான நாடுகளில் அது குற்றம். இரண்டிலும் ஆள் இறக்கத்தான் போகிறார். கருவியை எடுத்தால் சில நாள் கூடுதலாகத் தவித்துவிட்டு இறப்பார், அவ்வளவுதான். என் உயிர், என் முடிவு. நடுவில் சட்டத்துக்கு என்ன வேலை?

முரளி

அன்புள்ள முரளி,

தவிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் கருவியை எடுக்கச் சொல்பவர் ‘என் உடம்பில் கை வைக்காதே’ என்கிறார். அதற்கு யார் தயவும் வேண்டாம். மருந்து கேட்பவர் இன்னொருவரின் கையை இரவல் கேட்கிறார். அந்தக் கைக்காரருக்கும் மனசாட்சி உண்டு. அவர் செய்தது உதவியா கொலையா என்று பிறகு ஒருவர் விசாரிக்கவும் வேண்டும். கேட்டவர் சாட்சி சொல்ல இருக்க மாட்டார். சட்டம் நுழைவது இந்த இடத்தில்தான்.

நுழைந்தால் தடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல் இது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆறு மாதத்துக்குள் மரணம் என்று இரண்டு மருத்துவர்கள் உறுதிசெய்ய வேண்டும். மருந்தை நோயாளி தானே எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்துச்சீட்டு வாங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதை உட்கொள்ளவே இல்லை. சிலரை நோய் முந்திக்கொண்டது. மற்றவர்களுக்கு, வேண்டும்போது கிடைக்கும் என்ற நினைப்பே போதுமானதாக இருந்திருக்கலாம். இந்த ஏற்பாட்டை நான் ஆதரிக்கிறேன்.

என்னைக் குழப்புவது வேறொன்று. நெதர்லாந்தில் 2002 முதல் மருத்துவரே ஊசி போடலாம். மறதி நோய் முற்றிய பிறகு இப்படிச் செய்யுங்கள் என்று முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம். அப்படி எழுதி வைத்த 74 வயதுப் பெண் ஒருவர், பராமரிப்பு இல்லத்துக்குப் போன பின், சில நேரம் சாக வேண்டும் என்றார், சில நேரம் இப்போது வேண்டாம் என்றார். 2016இல் மருத்துவர் அவரிடம் சொல்லாமலே காப்பியில் மயக்கமருந்து கலந்து கொடுத்தார். ஊசி ஏறும்போது அவர் எழ முயன்றார். குடும்பத்தினர் பிடித்துக்கொண்டார்கள். வழக்கு நடந்தது. 2019இல் மருத்துவர் விடுதலை ஆனார். அவர் செய்தது சரியே என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

தீர்ப்பின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. தெளிவாக இருந்தபோது எழுதியதை, தெளிவிழந்த பிறகு சொல்வது ரத்து செய்யாது. அந்த மருத்துவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனாலும் என்னால் இதை ஏற்க முடியவில்லை. எழுதியவர் போய்விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் காப்பியைக் குடித்தவர் யார்? அவர் எழுந்திருக்கப் பார்த்ததற்கு ஒரு மதிப்பும் இல்லையா? சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டி எழுதி வைத்தால் அதை அப்படியே மதிக்கலாம். ஊசிக்கு மட்டும், அந்த நேரத்தில் அந்த ஆளே கேட்க வேண்டும்.

‘அந்த ஆளே’ என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓரிகனில் காரணம் சொன்னவர்கள் வலியைவிட அதிகமாகச் சொன்னது, தன் வாழ்க்கை தன் கையில் இல்லை என்பதை. குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டேன் என்றவர்களும் கணிசமானோர். கனடா 2021இல் சட்டத்தை விரித்து, மரணம் நெருங்காதவர்களும் கேட்கலாம் என்றபோது மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல எதிர்த்தது இதனால்தான். பராமரிப்பு கிடைக்காமல் சாவைக் கேட்பவரின் கையெழுத்தை விருப்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: நீங்களே கேட்டால், நோய் உங்களை முடிக்கப்போகிறது என்பது உறுதியானால், சட்டம் வழிவிட வேண்டும். அதற்கு முன் ஒரு மருத்துவர், வீட்டார் யாரும் இல்லாத அறையில் உங்களோடு உட்கார்ந்து, வேறு என்ன கிடைத்தால் இன்னும் கொஞ்ச நாள் இருப்பீர்கள் என்று கேட்க வேண்டும். நீங்கள் சொல்வதைத் தர ஓர் ஏற்பாடும் இருக்க வேண்டும்.